காற்றாலையை நிறுத்தி வைத்திருப்பவள்

வெயில் அடிக்கும் மாலைகளில் எங்கள் தீவின் கூட்டுறவுக் காற்றாலை சிறிது நேரம் நின்றுவிடும். காற்று இல்லாமல் இல்லை, எனக்காகத்தான் நிற்கிறது. சூரியன் அதன் பின்னால் இறங்கும்போது, சுற்றும் இறக்கைகளின் நிழல் என் சமையலறைக்குள் வெட்டி வெட்டி விழும். வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒழிய, ஆள் குடியிருக்கும் வீட்டில் அப்படி விழக்கூடாது என்பது சட்டம்.

அந்த நிழலால் தலைவலி வந்தது என் கணவர் ஆக்செலுக்கு. சண்டை போட்டு நிறுத்த வைத்ததும் அவர்தான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு நிழல் ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்குள் ஏதோ ஒன்று அசைந்தால் நல்லது என்றுகூட இருக்கிறது.

ஆனால் அதை வெளியே சொல்வேனா? ஆண்டுதோறும் பிப்ரவரியில், பங்குதாரர் கூட்டத்துக்கு முன்னால், தலைவர் பிரெபன் என் வீட்டுக்கு வருவான். மாலையிலும் ஓட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்பான். நான் முடியாது என்று ஒற்றைக்காலில் நிற்பேன். சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவனுக்கு இங்கே என்ன வேலை? கோபன்ஹேகனில் இருக்கும் மகளே கிறிஸ்துமஸைத் தொலைபேசியில் முடித்துக்கொள்கிறாள். குளிர்காலம் முழுக்க என் மேசைக்கு எதிரே உட்காருகிறவன் பிரெபன் ஒருவன்தான்.

இந்த முறையும் ஆப்பிள் கேக், ஏலக்காய் ரொட்டி, பாதாம் பிஸ்கட் எல்லாம் செய்து வைத்திருந்தேன். வந்தான், தின்றான். மனைவியின் முழங்கால் வலியைச் சொன்னான், படகு தாமதமாவதைத் திட்டினான். மூன்றாவது காபியும் ஆயிற்று. கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

"கேளுடா," என்றேன். "வாய் நிறைய கேக்கோட உக்காந்திருந்தா எரக்கப்பட்டு நானே சொல்லிடுவேன்னு நெனச்சியா?"

வாயைத் துடைத்துக்கொண்டான். "இந்த வருஷம் கேக்க வரல. கமிட்டில பேசி முடிச்சிட்டோம். வருஷா வருஷம் உங்கள நச்சரிக்கிறது எங்களுக்கே வெக்கமா இருக்கு. நீங்க இருக்கிற வரைக்கும் அது நிக்கும். இனிமே யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டோம்."

பரிசு கொடுக்க வந்தவன்போல முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் ஊரில் ஒருவரைத் தனியே விட்டுவிடுவதுதான் பெரிய மரியாதை. அந்த மரியாதையில் இடி விழ.

"நான் சரின்னு சொன்னா?"

நிமிர்ந்து உட்கார்ந்தான். "சொல்றீங்களா?"

"இப்ப இல்ல. அடுத்த வருஷம் வந்து கேட்டுப் பாரு."

விழுந்து விழுந்து சிரித்தான். என் கிண்டலுக்கு அளவே இல்லையாம். கூட்டத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பானாம். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சும்மா காபி குடிக்க வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை காலம் விறைத்துக்கொண்டு நின்றவளுக்கு அது எளிதில் வருமா? செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினேன். கார் நகரத் தொடங்கியிருந்தது.

"சும்மாவாவது வாடா," என்றேன்.

காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். "என்ன சொன்னீங்க? காத்துல கேக்கல."

"ரோடு வழுக்கும்," என்றேன். "பாத்துப் போ."