குங்குமம் வைத்த பிளாஸ்டிக் கோபுரம்

லாரி ஓட்டினவன் எவனையும் லேசில் நம்ப மாட்டான். பாலசமுத்திரம் சந்திரன் ஸ்டியரிங்கை விட்ட பிறகும் நம்பவில்லை.

பேரன் விளையாடிச் சலித்துப் போட்ட பிளாஸ்டிக் பிளாக்குகளை ஒன்றோடொன்று மாட்டிப் பார்க்கப் போய் அந்தக் கிறுக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. திருப்பதியில் இதே கிறுக்கு பிடித்த பெரிய ஆட்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். பல் டாக்டர், பாங்க்காரர், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஹரிபாபு. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் கண்காட்சி. அதில் வைக்கத்தான் சந்திரன் தன் ஊர் ஏரிக்கரைக் கங்கையம்மன் கோயிலைக் கட்டியிருந்தார். கோபுரம் மட்டும் இடுப்பு உயரம். ஒரு சொட்டுப் பசை கிடையாது. பசை போட்டால் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். நிலை நிலையாகக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி, போன இடத்தில் திரும்ப மாட்ட வேண்டும். அவர் செய்தது என்று ஒரு பொருளை நாலு பேர் நின்று பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் பார்க்க வந்த ஜனம் சும்மா பார்த்ததா? ஒருத்தன் கலசத்தைத் திருகிக் கோணலாக்கினான். பக்கத்து வீட்டு சீனு வாசல் சிங்கத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான். கேட்டதற்கு, "கையோட ஒட்டிக்கினு வந்துடுச்சி மாமா" என்று இளித்தான்.

சந்திரன் யோசித்தார். கோபுரத்தில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம் பழத்தையும் கட்டித் தொங்கவிட்டார். "கனவுல அம்மா வந்தா. தொட்டவன் ரத்தம் கக்குவான்னா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"பொய் சொல்றதுக்கு வேற சாமி கெடைக்கலியா உனுக்கு?" என்றாள் மனைவி பச்சையம்மாள்.

"கண்காட்சி வரைக்கும்தாண்டி."

அதன்பின் ஒரு விரல் படவில்லை. செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக் கமலம்மா வேப்பிலையும் பொங்கலும் கொண்டு வந்து வைத்தாள். மகளுக்குக் காய்ச்சல் விட்டதாம். மறுநாள் தெருவே வந்தது. சந்திரனுக்கு உள்ளூரச் சிரிப்புதான்.

சனிக்கிழமை காலை ஹரிபாபு வேனோடு வருகிற நேரம், சந்திரன் பெட்டிகளை எடுத்து வைத்துக் கலசத்தில் கை வைத்தார். விளக்கேற்ற வந்த கமலம்மா அலறினாள்.

"அண்ணே! இன்னா பண்றே?"

"கழட்டறேன். திருப்பதிக்குப் போவணும்."

"அம்மா தலையக் கழட்டுவியா?"

"அம்மா இல்ல கமலம்மா, பிளாஸ்டிக்கு. பேரன் வெளையாடினது."

"நீதானே சொன்னே, கனவுல வந்தான்னு?"

"சும்மா சொன்னேன்."

"அன்னிக்கு இல்ல, இன்னிக்குத்தான் சும்மா சொல்றே." அவள் போட்ட சத்தத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சீனு பின்னாலிருந்து, "திருப்பதியில எவனோ நல்ல வெல சொல்லியிருக்கான்பா" என்றான்.

கழற்றாமல் தூக்கினால் வழியில் கார்வேட்டிநகரம் தாண்டுவதற்குள் அத்தனையும் கொட்டிப்போகும். ஹரிபாபு வந்தால் தீர்ந்தது என்று நினைத்தார் சந்திரன். படித்த மனுஷன்.

வேன் வந்தது. "சார், இது பொம்மைன்னு நீங்களே சொல்லுங்க சார்."

ஹரிபாபு உள்ளே எட்டிப் பார்த்தார். விளக்கு, வேப்பிலை, மஞ்சள். படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வேணாம் சந்திரண்ணா. அம்மவாரு விஷயம், நமக்கெதுக்கு?"

வேன் காலியாகத் திரும்பியது. கமலம்மா கற்பூரம் கொளுத்தினாள். கோபுரம் உருகிவிடுமே என்று சந்திரன் ஓடிப்போய் எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து நீட்டினார். "பாத்தியா, அண்ணனே தட்டு ஏந்தறாரு" என்று பூரித்தாள் அவள்.

எல்லாரும் போன பிறகு பச்சையம்மாள் கதவைச் சாத்தினாள். "இப்ப யாரும் இல்ல. கழட்டிக்கோ. பஸ்சுல எடுத்துக்கினு போலாம்."

சந்திரன் கையை நீட்டினார். கலசத்துக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது.

"நீ கழட்டேன்."

"நானா? நல்லா இருக்குதே!" அவள் உள்ளே போய்விட்டாள்.

கலசம் இன்னும் கோணலாகத்தான் இருந்தது. அதை நேராக்கவாவது கை போகிறதா என்று பார்த்தார். போகவில்லை.