வரிசையில் ஓய்வு

காலை பதினோரு மணிக்கு அவள் பதினேழாம் நம்பர் லாரியைக் கூப்பிட்டு, டீசல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். "இறக்கியாச்சு மேடம்," என்றது வயர்லெஸ். இறக்கியது அவளுக்கும் தெரியும். மறுபடியும், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள். "டீசல். எவ்வளவு. இருக்கு?" கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அதே குரல், அதே பணிவு: "இறக்கியாச்சு மேடம்."

பதினேழை ஓட்டுவது அவள் வீட்டுக்காரர்.

எண்ணெய் வயலின் நடுவில், இரும்புப் பெட்டி ஒன்றுக்கு ஜன்னல் வெட்டி ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு வயர்லெஸ், சுவர் முழுக்கக் கிணறுகளின் வரைபடம், முக்கிக்கொண்டே ஓடும் ஏசி, அவள். கிணற்றில் எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தண்ணீரும் பொங்கி வரும். அதை நாற்பது லாரிகள் உறிஞ்சிக்கொண்டு போய் இறக்குமிடத்தில் கொட்டும். எந்த லாரி எந்தக் கிணற்றுக்கு என்று சொல்வது அவள் வேலை. வயர்லெஸ்ஸில் அவர் அவளை மேடம் என்பார்; வீட்டுக்கு வந்ததும் ஏம்மா என்பார். "எங்களுக்கெல்லாம் வீட்டுல மட்டும்தான் உத்தரவு. உனக்கு ரோட்டுலயும் விடமாட்டேங்குறாங்களே," என்று மற்ற டிரைவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். அந்தக் கிண்டலில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்தவர். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆறு மணி நேரம் ஓய்வு என்பது விதி. விடிவதற்கு முன்பே இறக்குமிடத்தின் வரிசையில் போய் நின்றார். ஆறரை மணி நேரம் கழித்துத்தான் முறை வந்தது. அந்த ஆறரை மணி நேரத்துக்கும் பதிவேட்டில் 'ஓய்வு' என்று எழுதியிருந்தது. எழுதியது அவள்தான். இரண்டு வருடமாக எல்லா லாரிக்கும் அப்படித்தான் எழுதுகிறாள். சக்கரம் சுற்றினால் வேலை, நின்றால் ஓய்வு என்பது ஆபீஸ் வழக்கம். ஆனால் வரிசை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு லாரி நீளம் நகரும். கண் அசந்தால் பின்னாலிருப்பவன் ஹாரனை வைத்துக் காதைக் கிழிப்பான். அழுகின முட்டை நாற்றத்தில் ஒரு விஷவாயு வேறு அவ்வப்போது வரும். வந்தால் சட்டையில் குத்தியிருக்கும் கருவி கீச்சிடும். "நல்லா தூங்குனீங்களா?" என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "நீதான் எழுதியிருக்கியே, தூங்காம இருப்பேனா?" என்றார். அப்போது சிரித்துவிட்டாள்.

பக்கத்து மேஜையில் மேனேஜர். எதற்கெடுத்தாலும் 'சட்டப்படி' என்று ஆரம்பிப்பதால் டிரைவர்கள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. பிடித்த பிடியை விடாதவர், அவ்வளவுதான்.

"பதினேழை நாற்பதாம் கிணத்துக்கு அனுப்புங்க. தொட்டி நிரம்பப் போகுது."

"சார், அவரால முடியாது. தூங்கி விழறாரு."

"சட்டப்படி ஆறரை மணி நேரம் ஓய்வு எடுத்திருக்கார். உங்க கையெழுத்துதான் இருக்கு."

"குரல் தெரியுது சார். எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு உங்க வீட்டுக்காரர்னு நிறுத்தினா, நாளைக்கு மத்தவங்க கேட்க மாட்டாங்களா?"

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. இதே மாதிரி தடுமாறிய குரல்களை அவள் எத்தனை கேட்டிருக்கிறாள்! இருபத்தாறு ஒருநாள் ஒரு கிணற்றின் பெயரை மாற்றி மாற்றி மூன்று முறை சொன்னான். ஒன்பதாம் நம்பர் தாத்தா பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோனார். எல்லோரையும் அடுத்த கிணற்றுக்கு அனுப்பி வைத்தாள். அந்தக் குரல்களைத் தெரிந்த மனைவிமார் எங்கோ வீட்டில் துணி மடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள். மைக் அவள் கையில் இருந்தது.

பொத்தானை அழுத்தினாள். "பதினேழு, வண்டியை ஓரமா நிறுத்துங்க. சாவியை எடுத்துச் சட்டைப் பையில போடுங்க. போட்டாச்சா?"

"...போட்டாச்சு மேடம்."

"தூங்குங்க." பிறகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, "ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வரிசையில நின்னவங்க வேற யாரெல்லாம்? நம்பர் சொல்லுங்க," என்றாள்.

முதலில் மூன்று. பதினொன்று. இருபத்தாறு. "ஒன்பதும்தான்மா," என்றார் தாத்தா, ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிறவர் போல. மொத்தம் ஏழு லாரிகள். ஏழையும் நிறுத்தச் சொன்னாள். பதிவேட்டில் அந்த ஏழுக்கும் 'ஓய்வு' என்று இருந்ததை அடித்து, மேலே 'வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் எழுந்தே விட்டார். "என்னம்மா பண்றீங்க? சட்டப்படி..."

"சட்டப் புஸ்தகத்தையே எடுங்க சார். நாலாம் பக்கம்."

அவருக்கு அது மனப்பாடம். ஆனாலும் எடுத்தார். அவளே வாசித்தாள்: இடையூறில்லாத ஆறு மணி நேர ஓய்வு. "இடையூறில்லாதன்னு போட்டிருக்கு. வரிசையில இடையூறு உண்டா இல்லையான்னு நான் சொல்லல. ஒரு நாள் நீங்களே போய் அங்க ஓய்வெடுத்துப் பாருங்க சார்."

வேறு யாராவது இருந்தால் அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர் அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விதியில் ஒரு சொல் இத்தனை நாளாகத் தன் கண்ணில் படாமல் போயிற்றே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு நாற்பதாம் கிணற்றை அரை நாள் மூடி வைத்தார்கள். மேலிடத்துக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கியவர் அவர்தான்.

மாலை வீட்டில் அவள் வீட்டுக்காரர் தூங்கி எழுந்து வந்தபோது கன்னத்தில் இருக்கைத் தையலின் தடம் இன்னும் இருந்தது. ஓரத்தில் நிறுத்திய வண்டியில் நான்கு மணி நேரம், வீட்டில் மூன்று மணி நேரம். தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, நீ கூப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இடது பக்கச் சக்கரம் சரளையில இறங்கிடுச்சு. எப்படி மேல ஏத்துனேன்னு இப்பவும் தெரியல."

"இதை இப்பதான் சொல்றீங்களா!" முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

மறுநாள் மேனேஜர் ஒரு தலையணையோடு ஒன்பதாம் நம்பரில் ஏறினார். ஆறு மணி நேரத்தில் வண்டி முப்பத்தெட்டு முறை நகர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் கோடு போட்டிருந்தார். "கண்ணை மூடுங்க சார், நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்மா. ஹாரன் அடிச்சா நான் முழிக்கறதுக்கு முன்னாடி அவரு முழிச்சிட்டாரு," என்று தாத்தா பிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்தார். புழுதி அப்பிய முகத்தோடு திரும்பிய மேனேஜர் தலையணையை உதறினார், டீ கேட்டார், மேலிடத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஓய்வறை வரவில்லை, குளிக்கத் தண்ணீரும் வரவில்லை. இரண்டு மாதம் இழுத்தடித்து, இறக்குமிடத்துக்குப் பின்னால் மேடு பள்ளத்தை நிரவி, கூரை போட்ட திடல் ஒன்று தந்தார்கள். வந்த லாரி டோக்கன் வாங்கிக்கொண்டு அங்கே நின்றால் போதும், நகர வேண்டியதில்லை. முறை வந்ததும் அவள் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவாள். திடலில் நின்றால்தான் ஓய்வு. வரிசையில் நின்றால் வேலை. ஒரு நாளைக்கு எட்டு நடை குறைந்ததாக மேலிடம் இன்னும் முணுமுணுக்கிறது.

திடல் திறந்த மூன்றாம் நாள், பிற்பகல். பதினான்கைக் கூப்பிட அவள் மைக்கை எடுத்தாள். அதற்குள் வயர்லெஸ்ஸில் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. இயந்திரம் பழுதாகிவிட்டது என்றே நினைத்தாள். சத்தம் அடங்கியது, மறுபடி, சீராக, இன்னும் ஆழமாக வந்தது. யாரோ மைக்கின் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டார்கள். பொத்தான் அழுந்திக் கிடக்கும்வரை வேறு யாரும் பேச முடியாது. நாற்பது லாரியும் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு இது?"

ராத்திரியில் பக்கத்தில் கேட்டுப் பழகிய குறட்டை அது. காதுவரை சிவந்துபோய், சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள். முழுக்க அணைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, தூரத்துத் திடலில் லாரிகள் ஓசையில்லாமல் நின்றன. மேஜைமேல் வயர்லெஸ்ஸில் ஒலியளவு காட்டும் பச்சை முள் எழுந்து, தயங்கி, இறங்கி, மறுபடி எழுந்துகொண்டிருந்தது.