பிளக் போடாத பெட்டி

நாரந்தனை ஊரில் மண்ணில்லாமல் சலாதுக் கீரை வளர்க்கும் ஒரே ஆள் சசிகரன். கூடாரத்துக்குள் குழாய்களில் ஓடும், உரம் கரைத்த பசளைத் தண்ணீர் சூடேறினால் வேர் அழுகிவிடும். முதல் பயிர் அப்படித்தான் கூழாகிப் போனது. இதுவும் போனால் மாமனாரின் சீமெந்துக் கடையில் மூடை அடுக்க வேண்டியதுதான்.

சனசமூக நிலையத்தின் பிரேதக் குளிர்ப்பெட்டி அவன் பொறுப்பில் இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை பெற்றோர் பழுதாகாமல் இருக்க, அதே பிள்ளைகள் வாங்கித் தந்த பெட்டி. ஒருவரும் சாகாத நாட்களில் அது சும்மாதானே கிடக்கிறது? சசிகரன் அதைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே குழாயைச் சுருட்டி வைத்துத் தண்ணீரை ஓடவிட்டான். சலாது சிலிர்த்து எழுந்தது.

பங்குனியில் அதே ஊர் வைத்திலிங்கம் காலமானார். பெட்டி அவர் வீட்டுக்குப் போனது. கனடாவிலிருந்த மகன் நிலக்ஷனுக்குப் பயணப் பேப்பர் சரிவரவில்லை. "இன்னும் கொஞ்சம் வைச்சிருங்கோ" என்று அவன் சொல்லிச் சொல்லியே, கடைசியில் அவன் இல்லாமலே எரித்தார்கள். பெட்டி திரும்பி வந்தது. குழாய் மறுபடி உள்ளே போனது.

சித்திரை மத்தியானம் ஒன்றில் மனைவி லோஜனா கூடாரத்துக்குள் வந்தாள்.

"இஞ்சேருங்கோ, பெட்டீன்ர பிளக்கை ஆர் கழட்டினது?"

"நான் போடவே இல்லை. நீரெல்லோ போட்டனீர்?"

"நானோ? அதை நான் தொடுவனே!"

வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே, பிளக் இல்லாமலே, குழாய்த் தண்ணீர் சில்லென்று ஓடியது. பெட்டியின் கண்ணாடி மூடியில் ஆவி படிந்திருந்தது. உள்பக்கமாக, கிடப்பவரின் வாய் வரும் இடத்தில் மட்டும்.

"கரண்ட் மிச்சம்" என்றான் சசிகரன்.

வைகாசியில் நிலக்ஷன் வந்து படலையில் நின்றான். சலாது வெட்ட இன்னும் ஏழு நாள் இருந்தது.

"அண்ணை, அப்பா கிடந்த பெட்டியை ஒருக்காப் பாக்க வேணும்."

"அது திருத்தக் குடுத்திருக்குத் தம்பி."

கூடாரத்துக்குள் கண்ணாடியில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது.

"பொய் சொல்லாதேங்கோ" என்றாள் லோஜனா மெதுவாக. "தகப்பன் எவ்வளவு நாளா வழி பாத்துக்கொண்டிருக்கிறார்."

நிலக்ஷன் உள்ளே போய் மூடியில் கையை வைத்தான்.

"வந்திட்டன், அப்பா."

ஆவி கரைந்து கண்ணாடியில் வழிந்தது. பிறகு பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது. தண்ணீர்த் தாங்கியிலிருந்த வெப்பமானி ஏறத் தொடங்கியது. சசிகரன் ஓடிப்போய் பிளக்கைப் போட்டான். பெட்டி உறுமியது, குளிரவில்லை. சலாது இலைகள் வரிசையாகத் தலை சாய்த்தன.

சசிகரன் சாய்ந்த இலைகளையும் நிலக்ஷனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தம்பி, நீர் எப்ப திரும்பிப் போறீர்?"