சீரோடு வந்த புண்ணாக்கு

பூவாத்தாளின் பிறந்த வீட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது, சண்டைக்கு வந்துவிடுவாள். குழந்தை பிறந்தும் தாய்ப்பால் சுரக்கவில்லை என்று கேள்விப்பட்டதும், மூலனூரிலிருந்து அவள் அப்பா ஒரு கறவை மாட்டைக் கன்றோடு ஓட்டிவந்து மங்கலத்தில் அவள் புகுந்த வீட்டில் கட்டிவிட்டுப் போனார். சீர் மாடு இளைத்தால் யாருக்கு அவமானம்? அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில் இரண்டு மூட்டை கடலைப் புண்ணாக்கும் வண்டியேற்றி அனுப்பினார். வழியெல்லாம் மழை.

மூட்டையைப் பிரித்தால் பச்சைப் பூசணம். பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் ஆத்தப்பன், "குப்பையில கொட்டீரு" என்றான். சீரைக் குப்பையில் கொட்டுவதா? அவன் வாயை அடைத்து அனுப்பிவிட்டு, வெயிலில் காயவைத்துத் துடைத்தாள். பச்சை போய்விட்டது. சீர் வந்தால் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டுமே. ஒரு மூட்டையை எதிர்வீட்டு மாரக்காளுக்குக் கொடுத்தாள்.

சீர் மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயில்லாச் சீவனுக்கு இருந்த புத்தி மனுஷருக்கு இல்லை. நாட்டுச்சக்கரையைக் கரைத்து ஊற்றினாள். தின்றது. கன்றும் அதே தொட்டியில் வாய் வைத்தது.

தை பிறக்குமுன் கன்று செத்தது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். பிறகு மாடும் படுத்துக்கொண்டது. ஆத்தப்பன் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தான். அவர் மாட்டின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து மோந்தார்.

"பூசணத்துல வெசம் இருக்குதுங்க. தொடச்சாலும் போகாது. பாலுக்கும் வந்துரும், காச்சினாலும் அப்படியே இருக்குமுங்க."

"அந்தப் பாலைத்தானுங்க எங்கொழந்தை குடிக்குது. அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றாள் பூவாத்தாள்.

"எங்களுக்கே இதையெல்லாம் இப்பத்தான் சொல்லியிருக்கறாங்க. என்ன பண்ணும்னு எனக்குத் தெரியலீங்க. இனிக் குடுக்காதீங்க."

ஒரு பொய்யாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அந்த மனுஷன். பூவாத்தாள் குழந்தையின் கண்ணை விரித்து விரித்துப் பார்த்தாள். வயிற்றைத் தடவினாள். அது பசியில் அவளுடைய வறண்ட மாரைத் தேடிவிட்டு வீறிட்டது. அவளும் சேர்ந்து அழுதாள்.

சத்தம் கேட்டு மாரக்காள் செம்பும் கையுமாக ஓடிவந்தாள்.

"அழுவாதீங்க அக்கா. எங்க ஊட்டுப் பால் இருக்குது. காச்சித்தான் கொண்டாந்தேன்."

பூவாத்தாளுக்கு அந்தச் செம்பைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"உம்பட மாட்டுக்கு என்ன வெக்கற?"

"நீங்க குடுத்ததுதானுங்க. மொதல்ல திங்கலீங்க. நீங்க சொன்னாப்புல நாட்டுச்சக்கரை கலந்தேன். இப்பத் தொட்டியவே நக்குதுங்க."

பால் வாடைக்குக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, செம்பை நோக்கி இரண்டு கையையும் நீட்டியது.