ஞாயிறுகளில் நனையும் மொறிஸ் மைனர்

1.

இந்தக் கதை ஒரு சொட்டுத் தண்ணீரில் பிறந்தது. அது எங்கிருந்து வந்ததென்று எனக்கும் தெரியாது, கதைநாயகர் சவிரிமுத்துவுக்கும் தெரியாது. தெரியாமலே எழுதத் தொடங்கிவிட்டேன்.

லண்டன் மோர்டனில் அவர் வீட்டுக் கராஜில் ஒரு வெளிர்பச்சைப் பழைய கார், மொறிஸ் மைனர், நிற்கிறது. கார்த்திகையில் உள்ளே போனால் பங்குனியில்தான் வெளியே வரும். பனி வெண்பஞ்சைப் போல — (இல்லை. லண்டன் பனி மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். அடித்துவிடுகிறேன்.) பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல. பனி ஒரு நாள்கூடக் கிடக்காது. அதற்காக வீதியில் தூவும் உப்போ வாரக்கணக்கில் கிடந்து இரும்பைத் தின்னும். அதனால்தான் அவர் காரின் அடியைக் கழுவி, பற்றரியைக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக் உறையால் இறுக மூடினார்.

ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறு காலையும் உறைக்குள் கார் நனைந்திருந்தது. ஞாயிறு மட்டும்.

கதவடியில் துரு பூத்துவிட்டது. மனைவி அஞ்சலீனா கெடு வைத்துவிட்டார்: பங்குனிக்குள் இதை நிறுத்தாவிட்டால் காரை விற்பது.

"அது துருப்பிடிக்கிறதைப் பாத்துப் பாத்து நீங்களும் துருப்பிடிக்கிறியள்" என்றார்.

2.

முதல் வரைவில் கூரையை ஒழுக விட்டேன். எழுதுபவனுக்கு வசதியான தீர்வு. சவிரிமுத்து ஏணி வைத்து ஏறிப் பார்த்தார், கூரை காய்ந்திருந்தது. இரண்டாம் வரைவில் தரையின் ஈரம். அவர் ஒரு பொலித்தீன் துண்டைச் சீமெந்துத் தரையில் நாலு பக்கமும் ஒட்டி ஒரு கிழமை விட்டார். (நீங்களும் செய்து பார்க்கலாம்: ஈரம் தரையிலிருந்து வந்தால் துண்டின் அடிப்பக்கம் வேர்க்கும்.) வேர்க்கவில்லை. என் பாத்திரம் என்னைவிடக் கெட்டிக்காரர். இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

3.

இந்த இடத்தில் தேத்தண்ணி போட எழுந்தேன். கேத்தில் கொதித்தது. குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. கோப்பையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து எழுதுகிறேன்: சனிக்கிழமை!

முக்கியமாகப் படாததால் உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சனிக்கிழமைகளில் சவிரிமுத்து ஷிப்டுக்குப் போன பிறகு, அஞ்சலீனா கராஜ் மூலையில்* அடுப்பு மூட்டி, தங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த முப்பது வீடுகளுக்குப் புட்டு அவிப்பார். சூடான காற்று நிறைய நீராவியைச் சுமக்கும். குளிர்ந்த இரும்பில் பட்டதும் சுமையைத் தண்ணீராக இறக்கிவிடும். கராஜில் அவ்வளவு பெரிய குளிர்ந்த இரும்பு வேறு எது? அடியால் நுழைந்த ஆவியை அந்த உறை வெளியே விடவும் இல்லை.

* கறி மணம் வேலைச் சட்டையில் பிடிக்கிறதென்று அடுப்பைக் கராஜுக்கு அனுப்பியவர் சவிரிமுத்துதான்.

4.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கராஜில் வைத்துச் சவிரிமுத்து மெல்லப் பேச்சை எடுத்தார்.

"என்ரை புட்டோ உங்கடை காரைக் கெடுக்குது?"

"புட்டில்லை, அஞ்சலி. அதின்ரை ஆவி."

"ஆவியெண்டால் பாதரைக் கூப்பிடுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. அஞ்சலீனாவும் சிரிக்கவில்லை.

"அடுப்பை இஞ்சை கொண்டுவந்து வைச்சது ஆர்?"

"நான்தான்."

5.

முடிவு அ: அஞ்சலீனா புட்டை நிறுத்துகிறார். (முப்பது வீடும் என்னைத் தேடி வரும்.)

முடிவு ஆ: சனிக்கிழமைகளில் கார் வெளியே நிற்கிறது. எழுதியே பார்த்தேன். பகல் முழுதும் விறைத்த கார் பின்னேரம் ஆவி நிறைந்த கராஜுக்குள் வந்து இன்னும் மோசமாக வேர்த்தது.

முடிவு இ: காரை வி— ஏலாது.

பங்குனியில் அஞ்சலீனா என்ன தீர்ப்புச் சொன்னார் என்பதை உங்களிடம் விடுகிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அடுப்புக்கு மேலே ஆவியைப் பிடிக்க ஒரு தகரக் கூடு. அதிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே போகும் குழாய். குழாய்க்குள் ஒரு விசிறி. பிளாஸ்டிக்குக்குப் பதில் காற்றோடும் பருத்தி உறை. இவற்றைச் சவிரிமுத்து பொருத்திய பிறகு வந்த சனிக்கிழமை முப்பது வீட்டுப் புட்டும் அவிந்தது. ஞாயிறு காலை கார் காய்ந்திருந்தது.