நடுவில் ஐம்பத்து மூன்று நிமிஷம்

"கவுண்டர் மூடியாச்சு மேடம்," என்றாள் அந்தப் பொண்ணு, கம்ப்யூட்டரை விட்டு நிமிராமலே.

நிமிராமப் பேசுறவங்களை நான் நம்புறதே கிடையாது. இருபத்திரண்டு வருஷமா பெண்கள் விடுதியில வார்டன். காய்ச்சல்னு படுத்திருக்கிறவ நெத்தியைத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம், போர்வையை இழுத்து மூடியிருக்கிற அழகுலயே தெரிஞ்சிடும். சாயங்காலம் லேட்டா வந்து "பஸ் போயிடுச்சு மேடம்"னு கையைப் பிசையிறவகிட்ட நான் மூணே கேள்விதான் கேப்பேன். எத்தனை மணிக்கு எறங்கினே? எத்தனை மணிக்கு இங்க வந்தே? நடுவுல என்ன பண்ணினே? மூணாவதுல முக்கால்வாசிப் பேர் அழுதுடுவாங்க.

"பன்னெண்டு அஞ்சுக்குத்தானே விமானம்? இன்னும் பதினொன்னரைகூட ஆகலையே?"

"பதினொன்னு இருபதுக்கே மூடிடுவோம் மேடம். இப்ப மணி பதினொன்னு இருபத்தெட்டு."

"நான் வந்த விமானம் ஒரு மணி நேரம் லேட்டு. அது என் தப்பா?"

இப்பத்தான் நிமிர்ந்தா. "உங்க தப்புன்னு சொல்லலை மேடம். ரெண்டையும் ஒரே டிக்கெட்டா எடுத்திருந்தீங்கன்னா, அடுத்ததுல ஏத்திவிடுறது அவங்க பொறுப்பு. நீங்க வேற வேற கம்பெனியில தனித்தனியா எடுத்திருக்கீங்க. அந்த விமானம் லேட்டானது எங்களுக்குத் தெரியாது. எங்க பட்டியல்ல நீங்க வராத பயணி."

எதிர்ல மலை மாதிரி நிக்கிற ஆளைப் பார்த்து வராத பயணியாம். பக்கத்துல கறுப்புக் கோட்டுக்காரர் ஒருத்தர் குனிஞ்சு அவகிட்ட என்னமோ குசுகுசுன்னு கேட்டார். சரிதான், என் சீட்டு இவருக்குத்தான் போகுதுன்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். கழிப்பறை எந்தப் பக்கம்னு கேட்டார் மனுஷன். அப்பவும் எனக்கு முழுசா நம்பிக்கை வரலை.

பெட்டியை இழுத்துக்கிட்டுப் போய் ஒரு நாற்காலியில உக்காந்தேன்.

நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில போய்ச் சேரணும். நாளன்னிக்கு என் சிறுநீரகத்துல ஒண்ணை எடுத்து என் தம்பிக்கு வைக்கிறாங்க. எல்லாப் பரிசோதனையும் முடிஞ்சு, எனக்கும் அவனுக்கும் பொருத்தம்னு சொல்லியாச்சு. நாளைக்கு நான் போகலைன்னா அந்தத் தேதி வேற யாருக்கோ போயிடும். அப்புறம் ஏழு வாரம் காத்திருக்கணும். ரத்தம் சுத்தம் பண்ண அவன் கழுத்துல போட்டிருக்கிற குழாய் ரெண்டு தடவை சீழ் பிடிச்சிடுச்சு. ஏழு வாரம் தாங்குவானான்னு டாக்டரைக் கேட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

அப்படிப்பட்ட பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட் எடுத்தது யாரு? எங்க வீட்டுக்காரர்.

அவருக்கு இதுல ஆரம்பத்துலேருந்தே இஷ்டம் கிடையாது. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"னு ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் மூணு நாள் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரி பாரத்துல கணவர் சம்மதம்னு இருந்த இடத்துல கையெழுத்துப் போடும்போது பேனாவை ரெண்டு தடவை உதறினார். மை நல்லாத்தான் வந்துச்சு, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அப்புறம் திடீர்னு ஒரு நாள், "டிக்கெட்டெல்லாம் நான் பார்த்துக்கிறேன், நீ அலையாதே"ன்னு வந்து நின்னார். கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு கரண்ட் பில்லுக்குக்கூட அலையாத மனுஷன். அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும்.

உதவுற மாதிரி வந்தே காரியத்தைக் கெடுத்துட்டாரே மனுஷன். போனை எடுத்தேன். தம்பியோட செய்தி ஒண்ணு மேலேயே இருந்துச்சு. அதைத் தள்ளிட்டு அவருக்கு அடிச்சேன்.

அவர் பஸ் நிலையத்துல டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குக் கிளம்பிச்சுன்னு நோட்டுல எழுதி, விசில் ஊதி அனுப்புறதுதான் வேலை. அங்கே அவருக்குப் பேரே விசில்தான். பின்னாடி ஹாரன் சத்தம் காதைக் கிழிச்சுது.

"ஏறிட்டியா?"

"எங்கே ஏறுறது? நீங்க நெனச்சபடியே நடந்துடுச்சு. கவுண்டரை மூடிட்டாங்க, ஏத்த மாட்டாங்களாம். சந்தோஷமா?"

"மூடிட்டானா? நீ வர்றதுக்கு முன்னாடியேவா?" நிஜமாவே அதிர்ச்சி மாதிரிதான் இருந்துச்சு. நடிப்புக்கு மசியிறவளா நான்?

"ஒரே டிக்கெட்டா எடுத்தா அவங்க பொறுப்பாமே. தெரிஞ்சேதானே தனித்தனியா எடுத்தீங்க?"

"ரெண்டு வண்டிக்கு ரெண்டு டிக்கெட்டுதானேம்மா? எங்க நிலையத்துல அப்படித்தானே? மலைப்பாதை பஸ் லேட்டானா அஞ்சே முக்கால் வண்டியை நான் நிறுத்தி வைக்கிறதில்லையா? டிரைவர் கத்துவான், மத்தவங்க திட்டுவாங்க. அந்த ஜனம் எறங்கி ஓடிவந்து ஏறுற வரைக்கும் நான் விசில் ஊதவே மாட்டேன். பஸ்ஸுக்கே நாங்க நிறுத்துறோம், விமானத்துக்கு ஆள் வருதான்னு பார்க்க மாட்டானா?"

முப்பது வருஷமா வண்டியை நிறுத்தி வெச்சே பழகின மனுஷன். உலகத்துல எல்லா வண்டியும் அப்படித்தான்னு நம்பி டிக்கெட் எடுத்திருக்கார். இந்த மாதிரி ஒரு முட்டாள்தனத்தை அவரால மட்டும்தான் பண்ண முடியும். ஆனாலும் நான் இறங்கி வரலை.

"பூசி மெழுகாதீங்க."

நோட்டைப் புரட்டுற சத்தம் கேட்டுது.

"இரு. உன் விமானம் பத்து முப்பத்தஞ்சுக்குத் தரையைத் தொட்டுச்சு. போன்ல பார்த்து எழுதி வெச்சிருக்கேன். கவுண்டருக்கு எப்ப வந்தே?"

"பதினொன்னு இருபத்தெட்டு."

"அதே கட்டிடம்தானே?"

"மேல் மாடி."

"ஐம்பத்து மூணு நிமிஷம்." அவர் குரல்ல கோபமே இல்லை, சும்மா கணக்குதான். "பெட்டி வர லேட்டாச்சா?"

ஆமான்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

"நடுவுல என்ன பண்ணினே?" என்றார்.

பெட்டி பத்து ஐம்பதுக்கே வந்துடுச்சு. பெட்டிங்க சுத்தி வர்ற பெல்ட்டுக்குப் பக்கத்து நாற்காலியில நான் உக்காந்திருந்தேன். பச்சை ரிப்பன் கட்டின என் பெட்டி என் முன்னாடி வந்துச்சு, போச்சு. அடுத்த சுத்துல எடுத்துக்கலாம்னு நெனச்சேன். மறுபடி வந்துச்சு. அஞ்சாறு தடவை வந்துச்சு. தம்பி செய்தி வந்தது அப்பத்தான், பதினொன்னு அஞ்சுக்கு. "அக்கா, ஏறிட்டியா?" படிச்சேன். படிச்சிட்டு போனைப் பையில போட்டேன். கடைசியில பெல்ட்டுல என் பெட்டி மட்டும்தான் சுத்திக்கிட்டிருந்துச்சு. ஒரு ஊழியர் அதைத் தூக்கிக் கீழே வெச்சிட்டு, "இது உங்களுதாம்மா?"ன்னு கேட்ட பிறகுதான் எந்திரிச்சேன்.

இதையெல்லாம் அவர்கிட்ட சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு.

"எனக்குப் பயமா இருக்குங்க. மயக்க ஊசி போட்டா அப்படியே போயிடுவேனோன்னு இருக்கு. யார்கிட்டயும் சொல்லலை."

யாரோ அவரைக் கூப்பிட்டாங்க, "இருய்யா"ன்னு அதட்டினார்.

"சாயங்காலம் நாலரைக்கு ஒரு விமானம் இருக்கு. ரெண்டு சீட்டு காட்டுது," என்றார். "போகணும்னா இப்பவே எடுத்துடுறேன். வேண்டாம்னா திரும்பி வந்துடு. தம்பிகிட்ட நான் பேசுறேன். நான்தான் தனித்தனியா எடுத்துத் தொலைச்சேன்னு சொல்லிடுறேன். அது உண்மைதானே? உன்னை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

வாஸ்தவம். யாருக்கும் சந்தேகம் வராது. என்னையே கூட்டிட்டு வந்து விசாரிக்கச் சொன்னாலும் குறை கண்டுபிடிக்க முடியாத சாக்கு. இத்தனை நாள் எந்தப் பொண்ணுக்கும் இவ்வளவு நல்ல சாக்கு அமைஞ்சதில்லை.

"எடுங்க," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா போக மாட்டேன். இப்பவே எடுங்க."

அப்புறம் தம்பிக்குப் பதில் போட்டேன். 'மத்தியான விமானத்தை விட்டுட்டேன்டா. தப்பு என்னோடதுதான். நாலரைக்கு வரேன்.' அனுப்பினதுமே பார்த்துட்டான். பார்த்துக்கிட்டே இருந்திருப்பான் போல. 'சரிக்கா'ன்னு மட்டும் வந்துச்சு.

கண்ணைத் துடைச்சிட்டு, பெட்டியை இழுத்துக்கிட்டுப் போய் அதே கவுண்டர் முன்னாடி நின்னு, போன்ல வந்த புது டிக்கெட்டைக் காட்டினேன். அந்தப் பொண்ணு இந்தத் தடவை நிமிர்ந்தே பார்த்தா.

"நாலரை விமானத்துக்கு ரெண்டரை மணிக்குத்தான் மேடம் திறப்போம். இன்னும் நிறைய நேரம் இருக்கு. அங்கே போய் உக்காருங்களேன்."

"வேண்டாம்மா, நிக்கிறேன்," என்றேன். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."