மஞ்சள் வைத்து விட்ட மீன்கள்

நாசர் பாய் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கமலநாதன் மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அது ஒன்றையேதான் சொன்னது. அடுத்த மாதம் முதல் இந்த ஆற்றில் தூண்டில் போடுகிற எல்லோரும் நாளுக்கு முப்பது மலேசிய வெள்ளி கட்டி பெர்மிட் எடுக்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறவர்களுக்கு இதுவரை இருந்த விலக்கு இனி இல்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பத்து ஊர் மண்டபத்துக்கு வந்து பேசலாம்.

"பாய், இது என்னா நியாயம்லா?" என்று கமலநாதன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

ஆற்றுக்குப் போகிற மண்பாதை நாசர் பாயின் ரொட்டிச்சானாய்க் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் பெர்மிட் எழுதுகிற வேலையைக் கம்பத்துக் கமிட்டி அவர் தலையில் கட்டியிருந்தது. அறுபது வயது. ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற வாய். கமலநாதன் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவர், ஐம்பத்திரண்டு வயது. ஞாயிறு தவறாமல் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்.

"தம்பி, ராத்திரியில கரண்டு வெச்சுப் புடிக்கிறவனுங்கள வெரட்ட ரெண்டு பேரப் போட்டிருக்கோம். அவங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்ல? மீன் குஞ்சு வாங்கி விடணும்ல?"

"அதுக்கு நன்கொடைன்னு கேளுங்க, ஐநூறு வெள்ளி இப்பவே எடுத்து வெக்கிறேன். பெர்மிட்டுன்னு கேக்காதீங்க. எடுத்துட்டுப் போறவன் கட்டட்டும். நான் என்னத்தை எடுத்துட்டுப் போறேன்? பெர்மிட்டுங்கறது கொல்றதுக்கு வாங்கற அனுமதி பாய். நாலு வருஷத்துல என் கையால ஒரு மீன் செத்திருக்கா? ஒண்ணு காட்டுங்க. ஒரே ஒண்ணு. புதன்கிழமை வந்து எல்லார் முன்னாடியும் கேக்கத்தான் போறேன்."

நாசர் பாய் காய்ந்த கிளாசையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வாய் மூடியதைக் கமலநாதன் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு, தூண்டிலைத் தோளில் போட்டபடி ஆற்றுக்கு நடந்தார். கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

முப்பது வெள்ளி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு நாள் பெட்ரோலே அதற்கு மேல் ஆகிறது. அவருக்கு எரிந்தது வேறு இடத்தில்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி யோகேஸ்வரிக்கு மார்பில் கட்டி என்று ஜோகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதுவரை கமலநாதன் பிடித்த மீனெல்லாம் சட்டிக்குத்தான் போனது. ஊசி ஏறிய கையை அவர் மடியில் வைத்துக்கொண்டு யோகேஸ்வரி சொன்னாள்: "என்னங்க, நான் கோயில்ல வேண்டிக்கிட்டேன். இனிமே நம்ம கையால ஒரு உயிரும் போகக்கூடாது. தூண்டிலைத் தொடாம இருந்தா உங்களுக்குக் கிறுக்கே புடிச்சிரும், அதனால புடிங்க. ஆனா விட்டுடுங்க. வாயில முள்ளு குத்துன எடத்துல கொஞ்சம் மஞ்சள் வெச்சு விடுங்க, பாவம்." வீட்டில் தானே அரைத்து வைத்திருந்த மஞ்சள் தூளை ஒரு சின்ன டின்னில் போட்டுத் தரச் சொல்லித் தங்கையிடம் அடம் பிடித்தாள்.

அன்றிலிருந்து ஞாயிறு மாலை ஆற்றிலிருந்து நேரே வார்டுக்குத்தான் போவார். தலைமுடி போய், துணி சுற்றிய தலையோடு யோகேஸ்வரி அவருக்காக விழித்திருப்பாள்.

"எத்தனை?"

"ரெண்டு."

"துள்ளிக்கிட்டுப் போச்சா?"

"துள்ளிக்கிட்டுப் போச்சு."

அதைக் கேட்டுவிட்டுத்தான் கஞ்சியே குடிப்பாள். பத்து மாதம் அப்படி ஓடியது. பிறகு கேட்க ஆள் இல்லை.

வேண்டுதல் பலிக்கவில்லையே என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். டாக்டரைக் குறை சொன்னார்கள், ஜாதகத்தைக் குறை சொன்னார்கள். கமலநாதனிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. தன் பக்கம் தவறவில்லை. அவள் கேட்டதை ஒரு நாள்கூட மீறவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது, அவள் துணி இருக்கிற அலமாரியைத் திறக்கும்போது, அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நின்றார். இப்போது பெர்மிட் வாங்கு என்றால், நீயும் கொல்கிறவன்தான் என்று கையெழுத்துப் போடு என்பதாகவே அவர் காதில் விழுந்தது.

அந்த ஞாயிறன்று ஒரு கெலா மீன் மாட்டியது. முழங்கை நீளம், வால் ஓரம் கிழிந்தது, வெயிலில் செதில் செம்பு நிறமாக மின்னியது. கமலநாதன் எப்போதும் செய்கிறபடியே செய்தார். கரையில் இருந்த தட்டைப் பாறையில் கிடத்தினார். மஞ்சள் வழுக்கிக்கொண்டு போகாமல் ஒட்ட வேண்டுமே என்று, துவைத்து மடித்த துண்டால் அதன் தலையையும் வாயோரத்தையும் நன்றாகத் துடைத்தார். குழந்தைக்குத் தலை துவட்டுவது போல அவ்வளவு பொறுமை. முள் குத்திய இடத்தில் ஒரு சிட்டிகை, நெற்றியில் ஒரு பொட்டு. "யோகா, இதோ பாரு," என்றார். தண்ணீரில் விட்டதும் அது துள்ளிக்கொண்டு போனது.

புதன்கிழமை லீவு போட்டார். இரண்டு பக்கம் மலாயில் எழுதிய பேச்சு சட்டைப்பையில் இருந்தது. எட்டு மணிக்கே வந்து சேர்ந்துவிட்டதால், இன்னும் கடையைத் திறக்காத நாசர் பாயைத் தேடாமல், அந்தப் பேச்சைத் தனியாக ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று ஆற்றோரம் இறங்கினார். இத்தனை வருஷத்தில் ஞாயிறு தவிர வேறு நாளில் அவர் இங்கே வந்ததில்லை.

வளைவு தாண்டி, மரம் விழுந்து தண்ணீர் தேங்குகிற இடத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாசர் பாய் முழங்கால் நீரில் நின்றிருந்தார். கையில் நீளக் கம்பு வைத்த வலை. கரையில் சிவப்பு வாளி. வாளிக்குள் இரண்டு செத்த மீன்கள்.

"பாய்! எவன் ஆத்துல மருந்து போட்டான்? எந்த நாய்?" கமலநாதன் கத்தினார். "வாங்க, போலீஸ்ல சொல்லலாம்!"

நாசர் பாய் தடுமாறிக்கொண்டு கரையேறி வாளிக்கு முன்னால் வந்து நின்றார். "ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க மேல போங்க. நான் வர்றேன்."

"என்னத்தை மறைக்கிறீங்க?"

கமலநாதன் அவரை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். மேலே கிடந்தது ஒரு கெலா. வால் ஓரம் கிழிந்தது. அதன் தலையிலும் வாயோரத்திலும் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. உடம்பின் மற்ற இடமெல்லாம் சுத்தமாக, செம்பு நிறமாகவே இருந்தது. அடுத்த மீனைத் திருப்பினார். அதற்கும் அதே இடம். எங்கெங்கே துண்டு பட்டதோ அங்கெல்லாம், அங்கே மட்டும்.

அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"மீனு மேல ஒரு வழுவழுப்பு இருக்குல்ல தம்பி," என்று நாசர் பாய் மெதுவாகச் சொன்னார். "அதான் அதுக்குச் சட்டை. அதைத் தொடச்சிட்டா பூசணம் புடிச்சிரும். ஒடனே சாகாது. மூணு நாளாவும்."

"ஏன் பாய் சொல்லல?"

"சொன்னேன்ல. ஒரே ஒரு தடவை. துண்டு வேணாம், மஞ்சளும் வேணாம், கைய நனைச்சுக்கிட்டுப் புடிங்கன்னேன். இது யோகேஸ்வரி குடுத்த மஞ்சள் பாய்ன்னு டின்னைக் காட்டினீங்க. ஆஸ்பத்திரியில கெடக்கற பொண்ணு சொன்னதைத் தப்புன்னு நான் எந்த வாயால சொல்ல? அப்புறம் அந்தத் தங்கச்சியே போயிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

"எப்பலேர்ந்து இது?"

"மொத மாசத்துலேர்ந்தே." சொன்ன பிறகுதான் நாசர் பாய் உதட்டைக் கடித்தார். "எல்லாம் சாகறதில்ல தம்பி. சிலதுதான். புதன் புதன் வந்து பொறுக்கிப் பொதச்சிருவேன். ஞாயித்துக்கிழமை உங்க கண்ணுல படக்கூடாதுல்ல."

ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கமலநாதன் கெலாவை வாளியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டார். கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு "துள்ளிக்கிட்டுப் போச்சா?" என்று கேட்ட முகம் கண் முன்னால் வந்தது. போச்சு, போச்சு என்று ஞாயிறு தவறாமல் சொல்லியிருக்கிறாரே. அவள் அதை நம்பி அல்லவா அந்தக் கஞ்சியைக் குடித்தாள். அறுபது வயது மனிதர் முன்னால் ஐம்பத்திரண்டு வயது மனிதர் வாய்விட்டு அழுதார். நாசர் பாய் ஈரக் கைலியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இருவரும் சேர்ந்துதான் குழி தோண்டினார்கள்.

பத்து மணிக் கூட்டத்தில் ஊர்த்தலைவர் பெங்ஹுலு ஆட்சேபம் உண்டா என்று மலாயில் கேட்டார். செனாய்க்காரர் இன்று ஒரு கை பார்க்கப் போகிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள். கமலநாதன் எழுந்தார். முழங்கால் வரை சேறு. பையிலிருந்த காகிதத்தை எடுக்கவே இல்லை.

"கட்டணும்," என்றார். "விடறவனும் கட்டணும்." உட்கார்ந்துவிட்டார். கூட்டம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

நாசர் பாய் கார் வரைக்கும் கூடவே வந்தார். கமலநாதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மஞ்சள் டின்னைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தூக்கிப் போடவும் முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை.

"பாய்."

"சொல்லுங்க தம்பி."

"அவ இருந்த அந்தப் பத்து மாசம். அப்பவுமா?"

நாசர் பாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ச்சே, ச்சே! அந்த வருஷம் ஒண்ணுகூட சாகல தம்பி. அல்லா மேல ஆணையாச் சொல்றேன். எல்லாம் துள்ளிக்கிட்டுத்தான் போச்சு."

ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். வியாபாரத்தில்கூட ஆணை வைத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. கமலநாதன் அவர் முகத்தையே பார்த்தார். முதல் மாசத்திலிருந்தே என்று ஆற்றோரத்தில் இதே வாய்தான் சொன்னது.

"சரி பாய்," என்றார் கமலநாதன். டின்னை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுக் காரில் ஏறினார்.